ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லையா? எங்கள் தண்டையார்பேட்டை ஒர்க்ஷாப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட சென்னை தண்டையார்பேட்டையில் கார் எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். சித்திரை வெயில் ஆரம்பித்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: வண்டி சூடாகிறது, முன்னால் ஃபேன் சுற்றவில்லை. கேட்கிறவர்கள் பெரும்பாலும் ரோட்டோரமாக நின்றுகொண்டு பதற்றத்தில் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் முழுசாக விளக்க முடிவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்து, பதிலை நிதானமாக எழுதியிருக்கிறேன்.

அண்ணே, முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல ஓரமா நிக்கிறேன். இப்ப என்ன பண்றது?

முதலில் இன்ஜினை நிறுத்துங்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டி, உடனே ஓரம்கட்ட வழியில்லை என்றால் ஏசியை அணைத்துவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, உள் ஃபேனை முழு வேகத்தில் விடுங்கள், கண்ணாடிகளை இறக்குங்கள். வெயிலில் ஹீட்டரா என்று தோன்றும். ஆனால் ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே தள்ளும். ஓரம்கட்டும் வரை அது போதும். சூட்டைக் காட்டும் முள் இல்லாத சின்ன கார்களில் சிவப்பு நிறத்தில் தெர்மாமீட்டர் படம் போட்ட விளக்கு எரிந்தால் அதற்கும் இதே அர்த்தம்தான்.

நின்றபிறகு ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த மூடி உள்ளே சுமார் ஒரு கிலோ அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், அத்தனையும் ஒரேயடியாகக் கொதித்து மேலே பாயும். எங்கள் கடைக்கு வந்த ஒரு தம்பிக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்திருந்தது. துணியைச் சுற்றித்தான் திறந்தேன் என்றான். ஈரத் துணி அந்தச் சூட்டுக்கு ஒன்றுமே இல்லை. முக்கால் மணி நேரமாவது விடுங்கள். மேல் ஹோஸை அமுக்கினால் கல் மாதிரி இல்லாமல் தளர்வாக அமுங்க வேண்டும், கையும் சுடக் கூடாது. அதுவரை இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றவும் கூடாது, ஹெட் விரிசல் விடும்.

வண்டி எடுத்து அரை மணி நேரம் ஆச்சு, ஃபேன் ஓடவே இல்ல. ரிப்பேரா?

அவசியம் இல்லை. எலெக்ட்ரிக் ஃபேன் எப்போதும் ஓடுவதற்காக வைத்தது கிடையாது. தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரிக்குள் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும். அதையும் மீறிச் சூடு ஏறி 95, 100 டிகிரி பக்கம் போனால்தான் ஃபேன் கிளம்பும். சில டிகிரி இறங்கியதும் நின்றுவிடும். வண்டி 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே போதும். அதிகாலையில் மாதவரத்திலிருந்து புழல் வழியாக ரெட்ஹில்ஸ் போய்வந்தால் ஃபேன் ஒரு தடவைகூட ஓடாமல் இருக்கலாம்.

என் வண்டியில ஃபேன் பெல்ட்லதான் சுத்துது. எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. அம்பாசடர், பழைய சுமோ போன்ற வண்டிகளில் ஃபேனை இன்ஜினே சுற்றும். அங்கே பார்க்க வேண்டியது பெல்ட்டும், நடுவில் கிளட்ச் இருந்தால் அதுவும். இந்தப் பக்கம் முழுக்க மோட்டார் வைத்த ஃபேனைப் பற்றியது.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்ல நின்னா சூடு ஏறுது. கேட் தொறந்து ஓட்டினா இறங்கிடுது. ரேடியேட்டர் அடைச்சிருக்கு, மாத்துங்கன்னு சொல்றாங்க. மாத்தலாமா?

மாற்ற வேண்டாம். நீங்கள் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் காற்றுதான் குறை. அதாவது ஃபேன் அல்லது ஃபேனுக்குப் போகும் கரன்ட். ரேடியேட்டர் அடைத்திருந்தால் ஓட ஓடத்தான் அதிகம் சூடாகும், மேம்பாலம் ஏறும்போது முள் எகிறும். கேட் போட்டு வண்டிகள் வரிசையாக நிற்கும் அந்த நேரத்தை நான் ஒரு நல்ல சோதனையாகவே எடுத்துக்கொள்வேன். வாடிக்கையாளர் "கேட்ல நின்னா" என்று ஆரம்பித்தாலே ஃபேன் பக்கம் கை வைத்துவிடலாம்.

நானே வீட்டு வாசல்ல செக் பண்ண முடியுமா சார்? எனக்கு வண்டி பத்தி ஒண்ணும் தெரியாது.

முடியும். இன்ஜினை ஓடவிட்டு ஏசியை முழுக் குளிரில் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டதும் சில நொடியிலோ, ஓரிரு நிமிடத்திலோ ஃபேன் ஓட வேண்டும். ஓடினால் மோட்டார், ஃபியூஸ், ஒயர் எல்லாம் உயிரோடு இருக்கின்றன, கோளாறு சூட்டை அளக்கும் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். ஓடவில்லை என்றால் உடனே மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். ஏசி கேஸ் காலியாக இருந்தால் கம்ப்ரஸரும் எடுக்காது, பல வண்டிகளில் ஃபேனும் ஓடாது. காரில் இரண்டு ஃபேன் இருந்தால் எது ஓடுகிறது, எது சும்மா நிற்கிறது என்றும் பாருங்கள்.

பானெட்டைத் திறந்து பார்க்கும்போது துப்பட்டா, சேலைத் தலைப்பு, சட்டைக் கை எதுவும் தொங்கக் கூடாது. சூடான வண்டியில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று கிளம்பும். கைவிட்டுச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

ஃபியூஸைப் பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு. அப்புறம் என்ன?

எந்த ஃபியூஸைப் பார்த்தீர்கள் என்பதுதான் கேள்வி. ஸ்டீயரிங் கீழே இருக்கும் பெட்டியில் தேடுகிறவர்கள் அதிகம். ஃபேன் ஃபியூஸ் பெரும்பாலும் பானெட்டுக்குள், பேட்டரி பக்கத்துக் கறுப்புப் பெட்டியில், 30 அல்லது 40 ஆம்பியரில் பெரிதாக இருக்கும். மூடியின் உள்பக்கம் படம் போட்டிருப்பார்கள். கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். மயிரிழை அளவு விரிசல் கண்ணுக்குத் தெரியாது. டெஸ்ட் லேம்ப் வைத்து ஃபியூஸின் இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள், இரண்டிலும் எரிய வேண்டும்.

புது ஃபியூஸ் போட்டதும் மறுபடி போனால், பெரிய ஆம்பியர் போடுவது, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவது இரண்டும் வேண்டாம். ஃபியூஸ் போகிறது என்றால் மோட்டார் இறுகியிருக்கிறது அல்லது ஒயர் எங்கோ பாடியில் படுகிறது. அதைத் தடுத்து வைத்தால் உருகுவது ஒயராக இருக்கும்.

ரிலே டக்குனு சத்தம் கொடுக்குது. அப்ப ரிலே நல்லாருக்குன்னுதானே அர்த்தம்?

இல்லை. ரிலே என்பது சின்னக் கரன்ட்டை வைத்துப் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச். சத்தம் வந்தால் உள்ளே இருக்கும் காயில் (காந்தச் சுருள்) இழுக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். மோட்டாருக்குப் போகும் பெரிய கரன்ட் வேறொரு ஜோடி முனை வழியாகப் போகிறது. சாதாரண நாலு பின் ரிலேயில் 85, 86 என்று எழுதியிருப்பது காயில். 30-இல் பேட்டரி கரன்ட் வரும், 87 வழியாக மோட்டாருக்குப் போகும். பழைய ரிலேயின் மூடியை நெம்பிக் கழற்றிப் பாருங்கள். மிளகு அளவில் இரண்டு பொட்டு இருக்கும். நல்ல ரிலேயில் அவை வெள்ளி மாதிரி மின்னும், போனதில் கரிப்பிடித்துக் குழி விழுந்திருக்கும். அந்தக் கரி வழியாக மோட்டாருக்கு வேண்டிய கரன்ட் போகாது.

எளிய வழி, அதே பெட்டியில் அதே எண்ணுள்ள வேறு ரிலே இருக்கிறதா பார்த்து மாற்றிப் போடுவது. பல வண்டிகளில் ஹாரன் ரிலே ஒத்துவரும். மாற்றியதும் ஃபேன் ஓடினால் வேலை சில நூறு ரூபாயோடு முடிந்தது.

மோட்டார் போச்சுன்னு சொன்னாங்க. புதுப்பேட்டை போய் வேற மோட்டார் வாங்கிப் போட்டேன். அதுவும் ஓடல. ஏமாத்திட்டாங்களா?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான், மனசுக்குக் கஷ்டமான கேள்வியும் இதுதான். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே, ஒயர், கப்ளர் (ஒயரை மோட்டாரோடு இணைக்கும் பிளக்), மோட்டார், அப்புறம் எர்த் (கரன்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) என்று கரன்ட் வரிசையாகப் போகிறது. இந்த வரிசையில் எது அறுந்தாலும் நிற்பது ஃபேன்தான். கண்ணுக்குத் தெரிவதும் அது ஒன்றுதான், அதனால் பழியும் அதன் மேலேயே விழுகிறது. மோட்டாரை மாற்றுவதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்: மோட்டார் வாசல் வரை கரன்ட் வருகிறதா, இல்லையா?

அதற்கு நான் வைத்திருப்பது பழைய ஹெட்லைட் பல்பு ஒன்று, 55 வாட்ஸ். அதன் இரண்டு முனையிலும் ஒயர் வைத்து டேப் சுற்றியிருக்கிறேன். ஏசியைப் போட்டுவிட்டு, மோட்டாரின் கப்ளரைக் கழற்றி, ஒயர் பக்கத்து இரண்டு பின்னிலும் இந்தப் பல்பைக் கொடுப்பேன். பளிச்சென்று எரிந்தால் கரன்ட் வருகிறது, மோட்டார்தான் குற்றவாளி. மங்கலாக எரிந்தாலோ எரியாவிட்டாலோ மோட்டாரைத் தொட வேண்டியதே இல்லை. சின்ன டெஸ்ட் லேம்ப் இந்த இடத்தில் ஏமாற்றும். அதற்குக் கால் ஆம்பியர்கூட வேண்டாம், துரு வழியாகக்கூட எரிந்துவிடும். ஃபேன் மோட்டார் 10 ஆம்பியருக்கு மேல் கேட்கும். ஹெட்லைட் பல்பு நாலு ஆம்பியருக்கு மேல் இழுப்பதால் பலவீனமான ஒயரைக் காட்டிக்கொடுக்கும். (மோட்டாரோடு மூன்று, நான்கு ஒயர் உள்ள கன்ட்ரோலர் இருக்கும் புது வண்டிகளில் இதைச் செய்யாதீர்கள்.)

எர்ணாவூரிலிருந்து வந்த ஒரு கேப் ஓட்டும் அண்ணனுக்கு இரண்டாவது மோட்டாரும் ஓடவில்லை. பல்பு வைத்தேன், அகல்விளக்கு மாதிரி எரிந்தது. எர்த் ஒயரைத் தேடிப் போனால், பாடியில் முறுக்கியிருந்த போல்ட்டுக்குக் கீழே வளையம் பச்சைப் பொடியாகிக் கிடந்தது, விரலால் தொட்டதும் உதிர்ந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது வளையம் வைத்து முறுக்கினோம், மேலே கொஞ்சம் கிரீஸ். பழைய மோட்டாரையே மாட்டினோம், ஓடியது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக வண்டி நிறுத்துகிறவர்கள் இதை மனசில் வையுங்கள். உப்புக்காற்று முதலில் தின்பது எர்த் பாயின்ட்டைத்தான்.

ஃபேனை ஸ்க்ரூ டிரைவர் பிடியால ஒரு தட்டு தட்டினா ஓடுது. தட்டியே ஓட்டலாமா?

தட்டினால் ஓடுகிறது என்றால் மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. தட்டும்போது பிரஷ் கொஞ்சம் நகர்ந்து, மோட்டாரோடு சுற்றும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைத் தொடுகிறது, அவ்வளவுதான். வீடு போய்ச் சேர அது உதவும். அந்த வாரமே மோட்டாரை மாற்றிவிடுங்கள். பிரஷ் மட்டும் மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், கம்யூட்டேட்டர் குழி விழாமல் இருந்தால் அதுவும் நல்ல வேலைதான்.

ஏசி போட்டா ஃபேன் ஓடுது. ஏசி போடலைன்னா வண்டி கொதிச்சாலும் ஓடல. இது என்னங்க?

வீட்டு வாசல் சோதனையில் சொன்னேனே, அந்த இடம்தான். மோட்டார் நன்றாக இருக்கிறது, "சூடாகிவிட்டது, ஓடு" என்று சொல்லும் ஆள்தான் தூங்குகிறது. பழைய வண்டிகளில் அந்த ஆள் ரேடியேட்டரிலேயே திருகியிருக்கும் தெர்மோ ஸ்விட்ச். அதன் இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்தால் ஃபேன் ஓட வேண்டும். ஓடினால் ஸ்விட்ச்தான் போயிருக்கிறது.

புது வண்டிகளில் இன்ஜினில் ஒரு சென்சார் இருக்கும். அது ஈசிஎம்முக்கு, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், ஈசிஎம் ரிலேயை இழுக்கும். இன்ஜின் ஓடும்போது அந்தச் சென்சாரின் கப்ளரைக் கழற்றினால் பல வண்டிகளில் ஈசிஎம் பயந்து ஃபேனை முழு வேகத்தில் ஓடவிடும். அப்படி ஓடினால் ரிலே வரை எல்லாம் சரி, சென்சாரைச் சந்தேகப்படலாம். செக் லைட் எரியும், அதை அப்புறம் ஸ்கேனரில் அழித்துக்கொள்ளலாம். மல்டிமீட்டர் இருந்தால் சென்சாரின் ஓமையும் (மின்தடையையும்) பாருங்கள். சூடு ஏற ஏற ஓம் குறைய வேண்டும். பெரும்பாலானவற்றில் காலையில் 30 டிகிரியில் 1,700 பக்கம் காட்டி, 80 டிகிரியில் 300 பக்கம் வரும். போனில் பார்க்கிற ஓபிடி கருவி ஒன்று வாங்கி வைத்தால் ஈசிஎம் எத்தனை டிகிரி என்று நினைக்கிறது என்பதே திரையில் தெரியும். அது 70 என்று காட்டும்போது ஹோஸ் கொதித்தால் சென்சார் தவறு.

சென்சாரை மாற்றுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை: தண்ணீர் குறைந்தோ காற்று அடைத்தோ இருந்தால் சென்சார் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் கொதித்தாலும் அதற்குத் தெரியாது. முதலில் லெவல் பாருங்கள்.

ஃபேன் மெதுவா ஓடறதே இல்ல. ரொம்ப சூடானதும் ஒரேயடியா பேய் மாதிரி ஓடுது.

இரண்டு வேகம் உள்ள வண்டி. மெதுவான வேகத்துக்குக் கரன்ட் ஒரு ரெஸிஸ்டர் வழியாக வரும், அது எரிந்திருக்கும். ஃபேன் கூட்டின் ஓரத்தில் திருகியிருக்கும் சின்னத் துண்டு. மோட்டாரோடு சேர்த்து முழு செட் வாங்கச் சொன்னால், ரெஸிஸ்டர் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எதுக்குண்ணே இவ்ளோ தொல்லை? டைரக்ட் குடுத்து உள்ள ஒரு ஸ்விட்ச் வெச்சிடுங்களேன்.

வழியில் நிற்கிற வண்டியை வீடு சேர்க்க நானும் டைரக்ட், அதாவது பேட்டரியிலிருந்து நேராக ஃபேனுக்குக் கரன்ட், கொடுத்திருக்கிறேன். ஆனால் அதையே நிரந்தரமாக வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ஒரு நாள் ஸ்விட்ச் போட மறப்பீர்கள், இல்லை வண்டியை வேறொருவர் எடுத்துப் போவார். சின்ன ஸ்விட்ச் வழியாக 15 ஆம்பியர் போனால் டேஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக் உருகும், அந்த வாசனையோடு வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். வேறு வழியே இல்லாத பழைய வண்டி என்றால் தனி ஃபியூஸ், தனி ரிலே வைத்து, ஸ்விட்ச் ரிலேயை மட்டும் இழுக்கும்படி செய்யச் சொல்லுங்கள்.

தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டிட்டா கூலா ஓடும்னு எங்க மெக்கானிக் சொல்றார்.

நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்று பலர் நம்புகிறார்கள். அது இல்லாமல் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். கேட்டில் நிற்கும்போது ஃபேன் ஓடாத வண்டி அதைக் கழற்றினாலும் சூடாகத்தான் செய்யும்.

எப்பவும் போர் தண்ணிதான் ஊத்துவேன். அதனால ஃபேன் கெட்டுப்போகுமா?

மோட்டார் கெடாது, ஆனால் சென்சார் கெடும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துப் போர் தண்ணீரைக் கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியைப் பாருங்கள், வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். அதே படிவு ரேடியேட்டர் குழாயிலும் சென்சார் முனையிலும் உட்காரும். படிவு மூடிய சென்சார் சூட்டைத் தாமதமாகச் சொல்லும், ஃபேனும் தாமதமாகக் கிளம்பும். கம்பெனி சொன்ன கூலண்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்றுங்கள், பேட்டரிக் கடையில் கேன் கிடைக்கும். அவசரத்துக்கு எந்தத் தண்ணீரும் பரவாயில்லை, வண்டி கெடுவதைவிட அது மேல். பிறகு முழுதாக வடித்து மாற்றிவிட வேண்டும்.

வடித்த பழைய கூலண்ட்டைத் தெருவில் விடாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். தெரு நாய்கள் நக்கிவிட்டால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும்.

சுரங்கப்பாதைத் தண்ணியில எறக்கிட்டேன். அதிலேர்ந்து ஃபேன் ஓடல.

வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைக்குத் தண்ணீர் நிற்பது நமக்குப் புதிதில்லை. சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன் தண்ணீரில் அடித்தால் இறக்கை உடையும் அல்லது மோட்டார் திணறி ஃபியூஸ் போகும். முதலில் ஃபியூஸ், அடுத்து நெகட்டிவைக் கழற்றிவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பார்ப்பது. நறநறவென்றால் பேரிங்கில் சேறு. குப்பையும் பிளாஸ்டிக் பையும் இறக்கையில் சிக்கியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஃபேன் உடனே நிற்கவில்லை. சில வாரம் ஓடி, உள்ளே துருவேறி, பொங்கல் சமயத்தில்தான் ஒவ்வொன்றாக நின்றன. அதனால் தண்ணீரில் நின்ற வண்டியை, ஃபேன் ஓடினாலும் கப்ளரைக் கழற்றிக் காயவைக்கச் சொல்வேன்.

ஃபேன் நல்லா ஓடுது. ஆனாலும் நின்னா சூடாகுது. எப்படி?

ஃபேன் எந்தப் பக்கம் ஓடுகிறது? மோட்டார் மாற்றும்போது ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் தலைகீழாகச் சுற்றும், பார்க்கிறவருக்கு ஓடுகிற மாதிரியே இருக்கும். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் என்றால் முன்பக்கக் கிரில்லில் ஒரு தினத்தந்தித் தாளைப் பிடியுங்கள். உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளினால் ஒயரை மாற்றிக் கொடுங்கள்.

காற்று சரியாக இழுக்கிறது என்றால் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் டார்ச் அடித்துப் பாருங்கள். மணலி, மாதவரம் பக்கம் லாரிப் புழுதியிலேயே ஓடும் வண்டிகளில் அந்த இடுக்கில் கம்பளி மாதிரி படிந்திருக்கும். இன்ஜின் ஆறியபிறகு மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். அதுவும் இல்லை என்றால் தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம், வாட்டர் பம்ப் போயிருக்கலாம். ரிசர்வ் டப்பாவில் விடாமல் குமிழி வருகிறது, சைலன்ஸரில் வெள்ளைப் புகை, ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் தகடு) போயிருக்கிறது. அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள், டோ பண்ணுங்கள்.

சாவி எடுத்தப்புறமும் ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கு. பேட்டரி போயிடுமா?

சில நிமிடம் ஓடி நின்றால் அது வண்டியின் இயல்பு. இரவெல்லாம் ஓடினால் ரிலேயின் பொட்டு ஒட்டிக்கொண்டது. ரிலேயைப் பிடுங்கினதும் நின்றால் அதுதான், மாற்றிவிடுங்கள்.

எல்லாம் படிச்சேன். இருந்தாலும் பயமா இருக்கு, கடையிலதான் விடப்போறேன். என்ன சொல்லி விடணும்?

"ஃபேன் ஓடலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். நிற்கும்போது சூடாகிறதா, ஓடும்போதா? ஏசி போட்டால் ஃபேன் ஓடுகிறதா? ஃபியூஸ் எத்தனை தடவை போனது? கடைசியாக எப்போது தண்ணீர் ஊற்றினீர்கள், எந்தத் தண்ணீர்? மழைத்தண்ணீரில் இறங்கியதா? இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், பாதி நேரம் மிச்சம். மோட்டார் மாற்ற வேண்டும் என்றால், மாற்றுவதற்கு முன் கப்ளரில் கரன்ட் வருவதை உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார். கழற்றிய பழைய மோட்டாரையும் வாங்கிக்கொள்ளுங்கள். என் கடைக்கு அப்படி வந்த பழைய மோட்டார்களை நேராகப் பேட்டரியில் கொடுத்துப் பார்த்தபோது, சில ஜம்மென்று சுற்றின.